ஒட்டியவுடன் ஓட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஐப்பசி மழை இறங்குவதற்குள் இந்தக் கடிதம் வாசகர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது எங்கள் விருப்பம். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 எம், மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி., போர்ஷே கயென் டர்போ போன்ற வேகமான எஸ்.யூ.வி. கார்கள் இன்று புதுச்சேரி காமராஜ் சாலையிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் கண்ணில் படுகின்றன. அவற்றில் ஒன்றின் டிக்கி கண்ணாடி நொறுங்கிவிட்டால் நம் பக்கத்தில் நடப்பது பெரும்பாலும் இதுதான்: பாலித்தீன் தாளை ஒட்டிக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுகிறார்கள். கண்ணாடி வந்ததும் இரண்டு மணி நேரத்தில் மாட்டித் தரச் சொல்லி நிற்கிறார்கள். மாட்டிய கையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குக் கிளம்புகிறார்கள். மூன்றுமே தவறு. மூன்றாவதுதான் மிகப் பெரிய தவறு. அந்தக் கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசை. அந்தப் பசை இறுகுவதற்கு உரிய நேரத்தைக் கார்க்காரரும் கொடுப்பதில்லை, கடைக்காரரும் கேட்டு வாங்குவதில்லை.

முதலில் கண்ணாடியைப் பற்றி. முன்கண்ணாடி என்பது இரண்டு தகடுகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து ஒட்டியது. கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் ஓடும், ஆனால் இடத்தை விட்டு விழாது. பின்கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்டு வகை. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, வளைத்து, நாலாபுறமும் காற்றை வேகமாக அடித்து ஆற வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்பகுதி பிறகு சுருங்கும். அதனால் மேல்தோல் எப்போதும் அழுத்தத்திலும் உள்பகுதி எப்போதும் இழுவிசையிலும் நிற்கும். இந்த இழுபறிதான் அதற்குப் பலம். எங்காவது ஓரிடத்தில் மேல்தோல் உள்வரை கீறப்பட்டால் அந்த விசை முழுவதும் ஒரே நொடியில் அவிழ்ந்து, கண்ணாடி கற்கண்டுத் தூளாகக் கொட்டிவிடும். டெம்பர் செய்த பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. 'அளவு கொடுத்தால் லோக்கலில் வெட்டித் தருவார்கள்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பழைய பஸ், வேன்களின் தட்டையான ஜன்னலுக்கு அது நடக்கும். வளைவும், பனிமூட்டத்தைப் போக்கச் சூடாகும் கம்பிக்கோடும், ஆன்டெனாவும் உள்ள டிக்கி கண்ணாடிக்கு நடக்காது. அக்ரிலிக் தகட்டை வளைத்து மாட்டுவதும் அப்படித்தான். அது சீக்கிரம் கீறல் விழுந்து மங்கும், உடைந்தால் கூரான சில்லாக உடையும்.

வெயிலில் நின்ற காருக்குள் ஏ.சி. போட்டதால் கண்ணாடி வெடித்தது என்று பலரும் சொல்வார்கள். நல்ல நிலையில் உள்ள டெம்பர்டு கண்ணாடி அந்த வெப்ப மாற்றத்தைத் தாங்கும். ஓரத்தில் ஏற்கெனவே ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருந்தால்தான் வெப்பம் கடைசி உதையாக அமையும். உண்மையான காரணங்கள் வேறு. டிக்கியில் ஏற்றிய பிளைவுட், மடக்கு நாற்காலி, சூட்கேஸ் ஏதாவது ஒன்றின் மூலை துருத்திக்கொண்டிருக்க, மோட்டார் டிக்கி தானாக இறங்கி அதன் மேல் அழுத்துவது முதல் காரணம். சாலையோரப் புல் வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறிக்கும் கல் இரண்டாவது. உயரம் குறைந்த கார் ஷெட்டில் டிக்கியைத் திறந்து, அதன் மேல் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லரை இடிப்பது இன்னொன்று. தென்னை மட்டை விழுவது நம் ஊருக்கே உரிய காரணம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் ஏறின. அப்படிப்பட்ட காற்று வேண்டும் என்பதில்லை, சாதாரண மழைக்காற்றில் விழும் ஒரு காய்ந்த மட்டையின் அடிப்பகுதியே போதும். மரத்தடியை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள்.

கண்ணாடி உடைந்ததும் டிக்கி பொத்தானை அழுத்தாதீர்கள். 4 மி.மீ. கனமுள்ள கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. டிக்கி கண்ணாடி முக்கால் சதுர மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்தாலும் ஏழு கிலோ வரை குறைந்துவிட்டது. அந்த எடைக்குக் கணக்குப் பண்ணி வைத்த கேஸ் ஸ்ட்ரட்டும் (கதவைத் தூக்கும் வாயுத் தண்டு) மோட்டாரும் கதவை வழக்கத்தைவிட வேகமாகத் தூக்கும். கதவின் பள்ளத்தில் தங்கியிருக்கும் கண்ணாடித் தூள் பூட்டுக்குள் கொட்டும். கையால் மெல்லத் திறக்க முடிந்தால் திறக்கலாம். அதற்கும் முன் நாலா பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். இன்சூரன்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்றால் நிறுவனத்துக்குத் தகவல் சொன்ன பிறகே துடைப்பத்தை எடுங்கள். யாரோ வேண்டுமென்றே உடைத்ததென்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

பாலித்தீன் ஒட்டுவதில் ஒரு விஷயம். பார்சலுக்குப் போடும் பழுப்பு டேப்பைப் பெயின்ட் மேல் ஒட்டக் கூடாது. நம் வெயிலில் இரண்டே நாளில் அதன் பசை வெந்து மேல்பூச்சோடு ஒன்றிவிடும். முதலில் பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒரு வரிசை ஒட்டி, அதன் மேல் மற்ற டேப்பை ஒட்டுங்கள். தாளை விளிம்புக்கு வெளியே மேலிருந்து கீழாக மடித்துவிட்டால் தண்ணீர் வழிந்து வெளியே போகும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. எஸ்.யூ.வி.யின் பின்பக்கம் சுவர் போல நிற்பதால், ஓடும்போது அதன் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு குழி உருவாகும். சைலன்சர் புகை அந்தக் குழியில் சுழன்று, கண்ணாடி இல்லாத வழியாகக் காருக்குள் ஏறும். நான்கு குழாய் வைத்த பெரிய எஞ்சின் காரில் அந்தப் புகையின் அளவும் அதிகம். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். ஒட்டிய தாள் படபடவென்று கிழிந்தால் ஓட்டுநருக்குத் தெரியும், புகை உள்ளே வந்தால் தெரியாது. தவிர்க்கவே முடியாமல் பக்கத்து மெக்கானிக் கடை வரை ஓட்ட வேண்டியிருந்தால், பக்கக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏ.சி.யை வெளிக்காற்று நிலையில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் ஓட விடுங்கள். முன்னிருந்து வரும் காற்று பின்வழியாகப் புகையை வெளியே தள்ளும். குழந்தைகளைப் பின் இருக்கையில் உட்கார வைத்து ஓட்டவே வேண்டாம். கடலூரிலிருந்து சென்னை ஷோரூம் வரை அப்படியே ஓட்டிக்கொண்டு போவது கூடவே கூடாது. லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.

தூளை எடுப்பது பொறுமையான வேலை. கம்ப்ரஸர் காற்று அடித்தால் தூள் பறந்து இருக்கை இடுக்கிலும் ஸ்பீக்கரிலும் ஏ.சி. துளையிலும் போய் உட்காரும். வேக்குவம் மட்டும்தான். அதுவும் தோல் இருக்கையைத் துணியால் துடைப்பதற்கு முன்பே. இல்லையென்றால் ஒவ்வொரு துடைப்பும் உப்புத்தாள் தேய்த்த மாதிரி கீறும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். சுருள் பெட்டிக்குள் கண்ணாடி போயிருந்தால் பெல்ட் நூல் நாளாவட்டத்தில் அறுந்துகொண்டே வரும். டிக்கி தரைக்கு அடியில் ஸ்டெப்னி குழி, பல கார்களில் பேட்டரி, சப்வூஃபர் எல்லாம் இருக்கின்றன. டிக்கி கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. தூள் அதை அடைத்தால் அடுத்த மழையில் கதவுக்குள் தண்ணீர் தேங்கும்.

இனி கண்ணாடியை ஆர்டர் செய்வது. மாடல் பெயரும் வருடமும் சொன்னால் போதாது. 17 எழுத்து கொண்ட சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே மாடலில் வைப்பர் துளை உள்ளது, இல்லாதது, ஆன்டெனா கோடு உள்ளது, இல்லாதது, நிறம் கூடியது, குறைந்தது என்று பல வகை இருக்கும். தவறான ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டால் மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கண்ணாடியோடு சேர்த்து ஓர ரப்பர், வைப்பர் தண்டின் ரப்பர் வளையம், பத்துப் பதினைந்து டிரிம் (கதவின் உள்பக்க உறை) கிளிப்புகள் ஆகியவற்றையும் ஆர்டரில் போட்டுவிடுங்கள். கழற்றும்போது இவற்றில் சில உடையத்தான் செய்யும். வந்ததும் மூலையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். இந்தியக் கண்ணாடியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 பகுதி 2 என்ற எண்ணும் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கண்ணாடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் நாட்டு எண்ணும், பக்கத்தில் '43ஆர்' (43R) என்பதும் இருக்கும். அமெரிக்கக் கண்ணாடியில் 'ஏ.எஸ். 3' (AS3) என்று இருந்தால் அது கறுப்பு அதிகமான வகை. நம் மத்திய மோட்டார் வாகன விதி 100-இன்படி பின்கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சம் கடக்க வேண்டும். பக்கக் கண்ணாடிக்குத்தான் 50 சதவீதம். எவ்வளவு விலை கொடுத்த காராக இருந்தாலும் இந்த விதி ஒன்றுதான்.

சென்னை புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி கிடைக்கும். அதை நாங்கள் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். ஓரத்தை டார்ச் வெளிச்சத்தில் முழுச் சுற்றும் பார்த்து, நகத்தால் தடவி, ஒரு சில்லுகூடப் பெயரவில்லை என்று உறுதியானால் வாங்கலாம். ஓரத்தில் சந்தேகம் இருந்தால் பாதி விலையானாலும் வேண்டாம்.

மாட்டும் வேலையில் முக்கால் பங்கு புதுக் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே முடிகிறது. டிக்கியின் உள் டிரிமைப் பிளாஸ்டிக் பட்டையால் நெம்பிக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் கிளிப்பின் காது உடைந்து, பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் கடகடவென்று சத்தம் வரும். இந்த வகைக் கார்களில் மேல் ஸ்பாய்லர் பெரும்பாலும் கண்ணாடியின் மேல் விளிம்பை மூடியபடி இருக்கும். அதையும் கழற்றியாக வேண்டும். கழற்றாமல் இடுக்கில் பசையைத் திணிப்பதுதான் பிற்பாடு மேல் மூலையில் ஒழுகுவதற்குக் காரணம். ஸ்பாய்லருக்குள் மூன்றாவது பிரேக் விளக்கின் ஒயரும் வைப்பர் தண்ணீர்க் குழாயும் ஓடும். இழுத்துவிடாமல் கழற்ற வேண்டும்.

உடைந்த கண்ணாடியின் ஓரப் பட்டை பழைய பசையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சீவும்போது பழைய பசையை அடிவரை சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. கனம் விட்டு, சமதளமாகச் சீவ வேண்டும். கம்பெனியில் பெயின்ட் மேல் போட்ட அந்தப் பசை எந்தக் கடையில் போடுவதைவிடவும் உறுதியாக ஒட்டியிருக்கிறது. புதுப் பசை அந்தப் புது வெட்டின் மேல் நன்றாகப் பிடிக்கும். சீவிய அன்றே ஒட்டிவிட வேண்டும், இரண்டு நாள் திறந்து போட்டால் அதன் மேல் தூசும் உப்பும் படியும். சீவிய பிறகு விரலால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள். பழைய பசைக்குள் ஒரே ஒரு கண்ணாடிக் கல் புதைந்து கிடந்தால், புதுக் கண்ணாடி அந்தப் புள்ளியில் மட்டும் மோதி நிற்கும். மாதம் கழித்து, யாரும் தொடாத நேரத்தில் கண்ணாடி வெடித்தது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தக் கல்லைத்தான். வைப்பர் நட்டை அளவுக்கு மேல் முறுக்குவதும் இதே வேலையைச் செய்யும். கண்ணாடியில் துளையின் விளிம்புதான் மிகவும் பலவீனமான இடம்.

கத்தி பெயின்டைத் தாண்டி உலோகம் வரை கீறியிருந்தால், சின்னக் கீறலுக்கு உலோகப் பிரைமர் (அடிப்பூச்சு) தடவினால் போதும். துரு இருந்தால் கதையே வேறு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வாழும் நம் கார்களில் கண்ணாடி ஓரத்துத் தகட்டில் துரு பிடிப்பது சாதாரணம். ரப்பருக்கு அடியில் உப்பு ஈரம் உலராமல் நிற்கும். அங்கே கண்ணாடி பசையோடு ஒட்டியிருக்கும், பசை பெயின்டோடு ஒட்டியிருக்கும், பெயின்ட்தான் இரும்பை விட்டுக் கழன்றிருக்கும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பசையைப் போட்டாலும் பயனில்லை. துருவை வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, பெயின்ட் அடித்து, அது முழுதாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும். இதற்கு இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். அந்த நாளைக் கேட்கிற மெக்கானிக்கிடம் கோபப்படாதீர்கள். டிக்கி கதவு அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அதற்கென்று தனிப் பிரைமர் உண்டு, இரும்புக்கு உள்ளதை அதில் தடவக் கூடாது.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று. பெரும்பாலான கடைகளில் ஓரத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துவிட்டுப் பசை போடுகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அது சரி. கடல் காற்றில் படிந்த உப்பு ஆல்கஹாலில் அநேகமாகக் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் முதலில் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு தடவை துடைத்து, நன்றாக உலர விட்டு, அதன் பிறகே ஆல்கஹால். பழைய பசை ஈரமாக இருக்கும்போது மேலே புதுப் பசை போட்டால் பிடிக்காது. தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் நிற்கிற காருக்கு இந்த ஒரு படியை விடுவது மன்னிக்க முடியாத சோம்பேறித்தனம்.

புதுக் கண்ணாடியைப் பசையில்லாமல் ஒருமுறை வைத்து, நாலு பக்க இடைவெளியும் சமமா என்று பார்த்து, கண்ணாடிக்கும் பாடிக்கும் குறுக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி நடுவில் வெட்டிவிட்டால் அடுத்த முறை அதே இடத்தில் இறக்கலாம். ஏ.சி. அறையில் இருந்த கண்ணாடியை உடனே வெளியே கொண்டுவந்தால் நம் ஈரக் காற்றில் அது வியர்த்துவிடும். ஒரு மணி நேரமாவது வெளியே வைத்திருங்கள். பிறகு உள்பக்க ஓரத்தில் உள்ள கறுப்புப் பட்டையைச் சுத்தம் செய்து கறுப்புப் பிரைமர் தடவ வேண்டும். பாட்டிலுக்குள் உள்ள இரும்புக் குண்டு தாராளமாக உருளும் வரை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். தடவியபின் பத்து நிமிடமாவது விட வேண்டும். பிரைமர் ஒரு கம்பெனி, பசை இன்னொரு கம்பெனி என்று கலக்கக் கூடாது. சிகா என்றால் இரண்டும் சிகா, டூபான்ட் என்றால் இரண்டும் டூபான்ட். அந்தக் கறுப்புப் பட்டை அழகுக்காக வைத்ததில்லை. கண்ணாடி ஒட்டும் பி.யூ. (பாலியூரித்தேன்) பசை வெயில் பட்டால் சிதையும், பட்டை அதற்குக் குடை பிடிக்கிறது.

பசையின் அளவை ஒரு கணக்காகச் சொல்கிறோம். 1.3 மீட்டர் அகலமும் 55 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடியின் சுற்றளவு 3.7 மீட்டர். அடி 8 மி.மீ., உயரம் 12 மி.மீ. உள்ள முக்கோணக் கோடாகப் பசை போட்டால் ஏறக்குறைய 180 மில்லி ஆகும். 310 மில்லி டியூப் ஒன்று போதும். கோடு 10-க்கு 15 என்று தடித்தால் 280 மில்லி, டியூப் கிட்டத்தட்டக் காலி. அதனால் இரண்டாவது டியூபை வெட்டாமல் கையருகே வைத்திருக்க வேண்டும். நடுவில் தீர்ந்து, ஆள் கடைக்கு ஓடினால், அதற்குள் முதலில் போட்ட பசையின் மேல் தோல் கட்டிவிடும். கோட்டின் தொடக்கமும் முடிவும் மூலையில் சந்திக்கக் கூடாது, நேரான பகுதியில் ஒன்றன் மேல் ஒன்று ஏற வேண்டும். முக்கோண வடிவத்துக்குக் காரணம் உண்டு. கண்ணாடியை அழுத்தும்போது கூம்பு நசுங்கிக் காற்றை இரு பக்கமும் தள்ளிவிடும். உருண்டையாகப் போட்டால் நடுவில் காற்றுக்குழி நிற்கும், அது நாளைய ஒழுகல்.

ஆன்டெனா கோடு உள்ள கண்ணாடிக்கும் அலுமினியக் கதவுக்கும் மின்சாரம் குறைவாகக் கடத்தும் வகைப் பசையைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பி.யூ. பசையில் கார்பன் கரி கலந்திருப்பதால் அது ஓரளவு மின்சாரம் கடத்தும். ரேடியோ கரகரப்பும் அலுமினிய அரிப்பும் அதிலிருந்துதான் தொடங்கும். மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கானைக் காரில் போடவே கூடாது. புளித்த வாடை வரும் அந்த வகையிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் தகட்டையும் கம்பிக்கோட்டு முனையையும் அரிக்கும். அதைவிட மோசம், சிலிக்கான் ஒருமுறை பட்ட இடத்தில் பின்னால் பி.யூ. பசை ஒட்டாது. ஒழுகுகிறது என்று மேலே சிலிக்கான் பூசியவர் அடுத்த முறை வேலை செய்ய வருபவனுக்கு இரட்டை வேலை வைக்கிறார்.

இப்போது நேரம். பி.யூ. பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இறுகுவது. டியூபில் அச்சிட்டிருக்கும் நிமிடங்கள் எல்லாம் 23 டிகிரி வெப்பத்துக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கணக்கிட்டவை. நம் ஊரில் வெப்பமும் அதிகம், ஈரமும் அதிகம். அதனால் மேல்தோல் சீக்கிரம் கட்டும். பசை போட்ட ஐந்து பத்து நிமிடத்துக்குள் இரண்டு ஆள் உறிஞ்சு பிடியால் தூக்கி ஒரே தடவையில் இறக்கிவிட வேண்டும். வைத்துவிட்டுத் தூக்கி மறுபடி வைக்கக் கூடாது. வெயிலில் கொதித்த தகட்டில் போடவும் கூடாது, காலை நேரத்தில் நிழலில் செய்ய வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மேல்தோல் சீக்கிரம் கட்டுவதைப் பார்த்துப் பசை முழுதும் இறுகிவிட்டது என்று நினைக்கிறார்கள். சாதாரண வகைப் பசையின் உள்ளே இறுகல் ஒரு நாளைக்கு 3 முதல் 4 மி.மீ. தூரமே போகும். தோல் கட்டியபின் உள்ளே மாவாகவே இருக்கும்.

ஓட்டலாம் என்று கம்பெனி குறிக்கும் நேரம் பசைக்குப் பசை மாறும். ஒரு மணி நேரம் என்பதும் உண்டு, பல மணி நேரம் என்பதும் உண்டு. அது மெதுவாக வீடு போய்ச் சேரும் ஓட்டத்துக்குச் சொன்னது. 21, 22 அங்குல ரிம்மும் பட்டையான டயரும் கெட்டியான சஸ்பென்ஷனும் உள்ள காரில் ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் டிக்கி சட்டம் வரை வரும். வேகத்தில் பின்பக்கக் காற்றுக்குழி கண்ணாடியை வெளியே இழுக்கும். அரைகுறையாக இறுகிய பசை அந்த இழுப்பில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு மயிரிழை நகர்ந்தால் போதும், அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். அதனால் எங்கள் கருத்து: முதல் இரவு கார் அசையாமல் நிழலில் நிற்கட்டும். முதல் 24 மணி நேரம் ஒரு பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வையுங்கள். எல்லாக் கண்ணாடியும் மூடியிருக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால் உள்ளே அடைபடும் காற்று பின்கண்ணாடியைத்தான் தள்ளும். டிக்கியைக் கையால் மெல்ல மூடுங்கள். பிடித்து நிற்கும் டேப்பை அடுத்த நாள்தான் எடுக்க வேண்டும். வாட்டர் சர்வீஸின் பிரஷர் தண்ணீர் மூன்று நாளைக்கு வேண்டாம். மழை பெய்தால் பயப்பட வேண்டாம், ஈரம் இந்தப் பசைக்கு எதிரியல்ல. ஒட்டுவதற்கு முன் நனைவதுதான் கெடுதல்.

அடுத்த நாள் ஒழுகல் பார்க்க, செடிக்கு ஊற்றும் சாதாரண ஓஸ் குழாய் போதும். கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எந்த இடத்தில் நுழைகிறது என்று தெரியாது. டிரிமைத் திரும்ப மாட்டுவதற்கு முன்பே ஒருவர் டார்ச்சோடும் டிஷ்யூ தாளோடும் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும். கம்பிக்கோட்டை மல்டிமீட்டரால் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டால் ஒரு முனையில் 12 வோல்ட், நடுவில் சுமார் 6 வோல்ட் வர வேண்டும். ஒரு கோட்டில் மட்டும் அளவு திடீரென்று தாவினால் அங்கே அறுந்திருக்கிறது. வைப்பர், மூன்றாவது பிரேக் விளக்கு, ரேடியோ, ரிவர்ஸ் கேமரா எல்லாம் வேலை செய்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். டிக்கி மோட்டாருக்கு உயர அளவைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம். சிலர் பின்கண்ணாடிக்கும் 'கேமரா கேலிபரேஷன்' (கேமராவின் பார்வையைச் சரிப்படுத்துவது) என்று ஒரு தொகை போடுகிறார்கள். அது முன்கண்ணாடியில் உள்ள கேமராவுக்கு உரியது. பின்கண்ணாடியிலேயே கேமரா ஒட்டியிருக்கும் மாடலாக இருந்தாலொழிய எதற்கு என்று கேளுங்கள்.

இன்சூரன்ஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கண்ணாடிப் பாகத்துக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் பாதுகாப்பு) இல்லாத பாலிசியில் 50 சதவீதம் கழிப்பார்கள். 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 2,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம். ஆனால் கிளைம் போடுவதற்கு முன் நோ கிளைம் போனஸை (கிளைம் போடாத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) கணக்குப் பாருங்கள். சொந்தச் சேதப் பிரீமியம் ஒரு லட்சம் ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிளைமில் போனஸ் பூஜ்ஜியமாகி, 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொடுவதற்குள், பிரீமியம் மாறாமல் இருந்தால் 1.25 லட்சம் ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். போனஸ் பாதுகாப்பு சேர்த்த பாலிசி என்றால் இந்தக் கவலை இல்லை.

கண்ணாடிக் கடைகளிடமும் ஒர்க்‌ஷாப்புகளிடமும் நாங்கள் கேட்பது இது. பில்லில் 'பின்கண்ணாடி ஃபிட்டிங்' என்று ஒரே வரி எழுதி முடிக்காதீர்கள். கண்ணாடியின் முத்திரை, பசையின் பெயரும் பேட்ச் எண்ணும், அதன் காலாவதி தேதி, ஒட்டி முடித்த நேரம், எத்தனை மணிக்கு மேல் ஓட்டலாம் என்ற நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பி.யூ. டியூபின் ஆயுள் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள்தான். அதுவும் குளிர்ச்சியான இடத்தில் வைத்தால். தகரக் கூரைக்கு அடியில் ஏப்ரல், மே மாதங்களைக் கழித்த டியூபைத் தேதி இருந்தாலும் போடாதீர்கள். பிதுக்கும்போது கட்டி கட்டியாக வந்தால் தூக்கிப் போடுங்கள்.

கார்க்காரர்களுக்கு: காலையில் விட்டு மாலையில் எடுப்பதாகத் திட்டம் போடாதீர்கள், மறுநாள் காலை வாருங்கள். பில்லில் அந்த நேரம் இல்லையென்றால் எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கார் கண்ணாடி வேலை செய்வோர் சிலர்,
புதுச்சேரி – கடலூர்.